வீட்டின் நேரமும் பள்ளியின் மணியும்

வடசென்னையின் புளியந்தோப்பில் பள்ளி மணி அடிப்பதற்குள் பாதி நாள் கழிந்துவிடுகிறது. ஆட்டுத்தொட்டியில் வேலை செய்கிறவர்களுக்கு விடியற்காலைதான் உச்சிவேளை. காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து விற்கிற பெண்கள் ஊர் உறங்கும்போதே கிளம்பிவிடுகிறார்கள். மாநகராட்சித் தூய்மைப் பணிக்குப் போகிறவர்கள் காலை ஷிப்டுக்கு இருட்டோடு எழுந்திருக்க வேண்டும். கீழ்ப்பாக்கம், புரசைவாக்கம், அண்ணா நகர் வீடுகளில் வேலை செய்கிற பெண்கள் மதியம் ஒரு நடை வந்து சோறாக்கி வைத்துவிட்டுச் சாயங்காலம் மறுபடி பஸ் ஏறுகிறார்கள். பி அண்ட் சி மில் ஓடிய காலத்தில் இந்தப் பகுதிக்கே ஷிப்டு நேரம்தான் கடிகாரம். 1996-ல் மில் மூடப்பட்ட பிறகு வீட்டுக்கு ஒரு நேரம் என்றாகிவிட்டது.

இப்படிப்பட்ட ஊரில் 'பகல் 3 மணிக்குப் பெற்றோர் கூட்டம்' என்று போர்டில் எழுதிப் போட்டால் யார் வருவார்? வராதவர் பெயருக்கு எதிரே 'பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை' என்று பதிவேட்டில் ஒரு வரி ஏறிவிடும். சிறப்புத் தேவையுள்ள குழந்தையின் கோப்பில் அந்த வரி ஒருமுறை விழுந்தால், அடுத்த வகுப்பு ஆசிரியர் அந்த வீட்டை அந்த வரியின் வழியாகத்தான் பார்ப்பார். அதை எழுதுவதையே நிறுத்திவிடுங்கள். 'எந்த நேரம் கூப்பிட்டோம், என்ன பதில் வந்தது' என்று மட்டும் எழுதுங்கள். அதற்கு மேல் எழுத நமக்கு ஆதாரம் இல்லை.

இந்த அத்தியாயம் முதலாவதாக மாநகராட்சி, அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் வகுப்பாசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும். பெற்றோர் படித்தால் இன்னும் நல்லது. ஆனால் முதல் அடியைப் பள்ளிதான் எடுத்து வைக்க வேண்டும் என்பது என் கட்சி. சம்பளத்தோடு அந்த வேலையைச் செய்கிற தரப்பு நாம். எதிர்த் தரப்பில் இருக்கிறவர் பள்ளிக்கு வந்து போனால் ஒரு நாள் கூலியை இழக்கிறவர்.

முதல் போன் எதற்கு?

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு போன் செய்யுங்கள். புகார் எதுவும் இருக்கக் கூடாது. 'இன்னிக்கு உங்க பையன் தண்ணி பாட்டில அவனே மூடினான்மா, சொல்லலாம்னு கூப்பிட்டேன்.' அவ்வளவுதான். பள்ளியிலிருந்து போன் வந்தாலே 'என்ன பண்ணித் தொலைச்சான்' என்று பதறிப் பழகிய அம்மா, மறுமுனையில் சற்று நேரம் பேசமாட்டார். அந்தத் தயக்கம் தீர இப்படி இரண்டு மூன்று போன்கள் தேவைப்படும். நான்காவது போனில் நீங்கள் ஒரு சிக்கலைச் சொன்னால், அதை அவர் திட்டாக எடுத்துக்கொள்ளாமல் செய்தியாகக் கேட்பார்.

எண் விஷயத்தில் கவனம் வேண்டும். பல வீடுகளில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ரீசார்ஜ் முடிந்தால் எண்ணே மாறிவிடும். அதனால் இரண்டு எண் வாங்குங்கள். ஒன்று வீட்டுக்கு, இன்னொன்று பகலில் வீட்டில் இருக்கிற ஆயாவுக்கோ எதிர்வீட்டு அக்காவுக்கோ. எந்த நேரத்தில் பேசலாம் என்று அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணிக்குத்தான் பேச முடியும் என்று சொல்கிற வீடுகள் இருக்கும். வாரம் ஒருநாள் எட்டு மணிக்குப் பேச ஆசிரியருக்கு முடியும் என்றால், மாதம் ஒரு நாள் காலை எட்டரைக்கு வந்து நிற்க அந்த அம்மாவும் முயல்வார்.

படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்துச் செய்தி அனுப்பிப் பயனில்லை. வாட்ஸ்அப் குரல் பதிவு போதும், அரை நிமிடத்துக்குள் இருக்கட்டும். ஒரே ஒரு தடை: குழந்தையின் குறைபாடு பற்றிய எதையும் வகுப்புக் குழுவில் போடாதீர்கள். காது மெஷின் போட்ட குழந்தையின் படத்தைக் 'கேம்ப் சிறப்பாக நடந்தது' என்று எல்லோருக்கும் அனுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தப் படம் எத்தனை போன்களுக்குப் போகும் என்பதை அனுப்புகிறவர் யோசிப்பதில்லை.

வீட்டுக்குத் தெரிந்தவை

அடையாறில் பாலவித்யாலயா என்ற பள்ளி 1969-லிருந்து நடக்கிறது. காது கேளாத சிறு குழந்தைகளுக்கான முன்பருவப் பள்ளி. அங்கே அம்மாவும் குழந்தையோடு வகுப்புக்கு வந்து உட்கார்ந்து கற்க வேண்டும். ஆசிரியர் அங்கே செய்வதை அம்மா வீட்டில் செய்வார், வீட்டில் நடந்ததை அங்கே கொண்டுவருவார். கோட்டூர்புரத்தில் வித்யாசாகரை 1985-ல் தொடங்கிய பூனம் நடராஜன், மூளை முடக்குவாதம் உள்ள மகனின் தாய். இந்த நகரத்தில் சிறப்புக் கல்வி வளர்ந்ததில் பெற்றோரின் பங்கு அவ்வளவு நேரடியானது.

ஆனால் அந்த முறையை அப்படியே புளியந்தோப்புக்குக் கொண்டுவர முடியாது. தினமும் வகுப்பில் உட்காரும் அம்மா என்றால் அந்த வீட்டுக்கு இன்னொரு வருமானம் இருக்க வேண்டும். எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: குழந்தையைப் பற்றிப் பள்ளிக்குச் சொல்லித்தர வீட்டுக்கு நிறைய இருக்கிறது என்ற எண்ணம். அதை ஒரு பக்கத் தாளில் பிடித்துவிடலாம். படிவமாக அச்சடித்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அம்மாவோ ஆயாவோ பேசப் பேச நீங்களே எழுதுங்கள்.

என்ன கேட்பது? எதைக் கண்டு பயப்படுகிறான், எதைக் கொடுத்தால் அமைதியாகிறான். பசி, வலி, கழிவறை, இந்த மூன்றையும் எப்படிக் காட்டுகிறான். எந்தச் சத்தம் ஆகாது. பேசின் பிரிட்ஜ் பக்கத்து வீட்டில் ரயில் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்குகிற குழந்தை, சாவு ஊர்வலத்தின் டிரம்செட்டுக்கும் வெடிக்கும் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடும். அந்தக் குழந்தை பள்ளி மணிக்கு என்ன செய்யும் என்று வீட்டைக் கேட்டால் முன்பே தெரிந்திருக்கும். மணி அடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் சொல்லிவைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதைத் தெரிந்துகொள்ளாமல் 'அடங்காத பையன்' என்று பெயர் வைத்துப் பல மாதம் வீணாக்குகிறோம்.

எதில் கெட்டிக்காரன் என்றும் கேளுங்கள். பலருக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்கும். எண் எழுத வராத சிறுவன் தெருவில் கேரம் ஆட்டத்தில் பாயின்ட் கணக்கைத் தப்பாமல் சொல்வான். அது கணக்குப் பாடம் இல்லையென்றால் எது கணக்குப் பாடம்?

வீட்டு மொழி பற்றி ஒரு சொல். இந்தப் பகுதியில் தெலுங்கு பேசும் குடும்பங்களும் உருது பேசும் குடும்பங்களும் கணிசம். பேச்சு தாமதமான குழந்தை என்றால் 'வீட்டுல தமிழ்லயே பேசுங்க' என்று சொல்லிவிடுகிறோம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. அம்மாவுக்குச் சரளமாக வராத மொழியில் குழந்தையிடம் பேசச் சொன்னால், அவர் பேசுவது குறையும். குழந்தை கேட்கிற பேச்சும் அதோடு குறையும். அதற்குப் பதில் தண்ணீர், வலி, வேண்டாம், போதும், பாத்ரூம் என்ற ஐந்தாறு சொல்லை அந்த வீட்டில் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு நாம் கற்றுக்கொள்ளலாம். ஆசிரியருக்கு அது ஒரு மதிய இடைவேளை வேலை.

சந்தேகத்தைச் சொல்வது

இதுதான் இந்த அத்தியாயத்தின் கடினமான பகுதி. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, இரண்டாம் வகுப்பு முடிந்தும் எழுத்துகள் இடம்மாறுகிற குழந்தை, திடீரென்று சில நொடிகள் உறைந்துபோகிற குழந்தை. உங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்கு எப்படிச் சொல்வது?

கேட்டில் நின்று சொல்லாதீர்கள். குழந்தையை வைத்துக்கொண்டு சொல்லாதீர்கள். நாற்காலி போட்டு, முடிந்தால் அப்பாவோ ஆயாவோ கூட இருக்கும்போது சொல்லுங்கள். நோயின் பெயரைச் சொல்ல நமக்குத் தகுதியில்லை. பார்த்ததை மட்டும் சொல்லத் தகுதி உண்டு.

'அம்மா, மூணு வாரமா கவனிக்கிறேன். பின்னாலருந்து கூப்பிட்டா திரும்பறதில்ல. முன்னாடி வந்து மூஞ்சியப் பாத்துப் பேசினா உடனே செய்றா. வீட்டுல எப்படி இருக்கா?'

கடைசிக் கேள்வி முக்கியம். அதற்குப் பதில் வரும்வரை நீங்கள் பேசக் கூடாது. வருகிற பதில்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். 'அவங்கப்பாவும் அஞ்சு வயசுலதான் மிஸ் பேசுனாரு.' 'நாக்குல வசம்பு தேய்க்கிறோம்.' 'தர்காவுல மந்திரிச்சுக் கயிறு கட்டியிருக்கு.' இவற்றைக் கேலி செய்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. கயிறு இருக்கட்டும், அதோடு காதையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை. கர்ப்பத்தில் என்ன நடந்தது, சொந்தத்தில் கட்டினீர்களா என்ற விசாரணை நம் வேலையில்லை. 'உன் வயித்துல வந்த கோளாறு' என்ற பேச்சை அந்த அம்மா வீட்டில் ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

அடுத்தது எங்கே அனுப்புவது. பள்ளிக்கு வருகிற ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடம் காட்டுவது முதல் வழி. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்ப்பது அவர்கள் பொறுப்பு. அவர்கள் வரும்வரை காத்திருக்க முடியாத நிலை என்றால் ஸ்டான்லியும் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால் 'ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க' என்று வாயால் சொல்லி அனுப்பினால், ஓ.பி. வரிசையில் மூன்று மணி நேரம் நின்ற பிறகு 'என்ன பிரச்சினை?' என்று கேட்கும் டாக்டரிடம் அந்த அம்மா 'ஸ்கூல்ல அனுப்பிச்சாங்க' என்றுதான் சொல்வார். ஒரு சத்துமாத்திரையோடு திரும்பி வருவார். நீங்கள் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்: என்ன பார்த்தீர்கள், எத்தனை நாளாக, எந்தச் சூழலில், வகுப்பில் என்ன செய்து பார்த்தீர்கள். ஆறேழு வரி. கீழே பள்ளி முத்திரை. அந்தச் சீட்டு இருந்தால் அந்த நாள் கூலி வீணாகாது.

கற்றல் குறைபாடு என்று சந்தேகித்தால், சான்றிதழ் பொதுவாக எட்டு வயதுக்குப் பிறகே கிடைக்கும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்கும் கடமையை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பிரிவு 16, பள்ளியின் தலையில்தான் வைக்கிறது. சான்றிதழ் உதவித்தொகைக்கும் தேர்வுச் சலுகைக்கும் வேண்டும். சொல்லித்தருவதற்குத் தேவையில்லை.

காகிதங்கள்

ஆதார், ரேஷன் கார்டு, பிறப்புச் சான்று, போட்டோ, மருத்துவச் சான்று, மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டை. ஒன்றில் 'முருகன்', இன்னொன்றில் இனிஷியலோடு, மூன்றாவதில் எழுத்துப்பிழையோடு இருக்கும். மருத்துவ மதிப்பீட்டு முகாமில் குடும்பங்கள் திரும்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் இதனால்தான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையம் ஆண்டுதோறும் நடத்தும் முகாமுக்கு இரண்டு வாரம் முன்பே, ஒவ்வொரு குழந்தையின் காகிதங்களையும் பள்ளியில் வைத்து ஒருமுறை சரிபாருங்கள். பெயர் பொருந்தாதவர்களை முன்கூட்டியே இ-சேவை மையத்துக்கு அனுப்புங்கள். போனிலேயே எல்லாவற்றையும் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள், பள்ளிக் கோப்பிலும் ஒரு நகல் இருக்கட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புளியந்தோப்பிலும் பட்டாளத்திலும் தண்ணீர் வீட்டுக்குள் வருகிற வருடங்களில் முதலில் நனைவது பீரோவின் கீழ்த்தட்டு.

பெற்றோருக்கு இந்தக் காகிதங்களால் என்ன கிடைக்கும் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஏன் அலைய வேண்டும் என்றே புரியாது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், கடுமையான பாதிப்புள்ளவர்கள் போன்ற பிரிவினருக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை. பள்ளிக்கு அழைத்துவரும் செலவுக்கும் துணையாளுக்கும் படி, பெண் குழந்தைகளுக்குத் தனி ஊக்கத்தொகை, இவை பள்ளிக் கல்வித் துறை வழியாக வரும். வங்கிக் கணக்கு செயலற்றுப் போய்த் தொகை திரும்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஜூலை மாதத்திலேயே பாஸ்புக்கை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பத்தாம் வகுப்புக்கு ஒரு தனிக் குறிப்பு. அரசுத் தேர்வுகள் இயக்ககம் தகுதியுள்ள மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைத் தருகிறது. தலைமையாசிரியர் வழியாக உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இதை ஒன்பதாம் வகுப்பிலேயே வீட்டோடு உட்கார்ந்து பேசுங்கள். எழுதுபவரிடம் பதில் சொல்வது ஒரு பழக்கம், அது தேர்வன்று காலையில் வந்துவிடாது. மொழி விலக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை, அதன் பலனும் பின்விளைவும் தெரிந்த பிறகு, மாணவரும் வீடும் முடிவு செய்யட்டும்.

கையெழுத்து வாங்குவதற்கு முன்

அமெரிக்காவில் 1975-ல் வந்த சட்டம், தனிநபர் கல்வித் திட்டம் எழுதும் கூட்டத்தில் பெற்றோரைப் பங்காளியாக்கியது. நம்மிடம் அந்தத் தாள் உண்டு, கூட்டம்தான் பெரும்பாலும் இல்லை. பல பள்ளிகளுக்குப் பொறுப்பான சிறப்புப் பயிற்றுநர் தன் வருகை நாளில் எழுதுவார், அம்மா கேட்டருகே கையெழுத்துப் போடுவார், கோப்பு மூடப்படும். வகுப்பாசிரியர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்.

மூன்று மாதத்துக்கு மூன்று இலக்கு போதும். அதில் ஒன்றை வீடு சொல்ல வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். வீடு சொல்வது நம் பாடத்திட்டத்தில் இருக்காது. 'கடைக்குப் போய்ப் பால் பாக்கெட் வாங்கிட்டு வரணும் மிஸ்.' 'தொலைஞ்சு போனா வீட்டு நம்பர் சொல்லணும்.' 'ராத்திரி படுக்கைய நனைக்காம இருக்கணும்.' இவை சாதாரண ஆசைகளாகத் தெரியலாம், ஆனால் அந்த வீட்டின் நாளையே மாற்றக்கூடியவை. பால் பாக்கெட்டில் 'ஆவின்' என்ற எழுத்து இருக்கிறது, விலை இருக்கிறது, மீதிச் சில்லறை இருக்கிறது. தமிழும் கணக்கும் அதற்குள்ளேயே வந்துவிடும். கடைக்காரரிடம் அம்மா ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் தேர்வறையும் தயார்.

வீட்டுக்குக் கொடுக்கும் வேலை, ஏற்கெனவே நடக்கிற வேலைக்குள் பொருந்த வேண்டும். 'தினமும் அரை மணி பயிற்சி கொடுங்க' என்றால் நடக்காது. பூக்கட்டுகிற வீட்டில் பூவை எண்ணிக் கொடுப்பது விரலுக்கும் எண்ணுக்கும் பயிற்சி. குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது நிறைந்தது, காலி என்பது இரண்டு சொல். பிசியோ சொல்லித்தந்த கால் பயிற்சியைக் குளிக்கவைக்கும்போதே செய்யலாம்.

அப்பாக்களை 'வாங்க, பேசலாம்' என்று கூப்பிட்டால் வருவது குறைவு. ஒரு வேலை சொல்லிக் கூப்பிடுங்கள். வெல்டிங் பட்டறையில் இருப்பவரிடம் கழிவறைக்குக் கைப்பிடி, தச்சரிடம் சாய்வான எழுதுபலகை. செய்து முடித்துவிட்டு நிற்கும்போது அவரே மகனைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

அக்காக்களை விட்டுவிடுங்கள். இதைக் கொஞ்சம் கோபத்தோடே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பில் தம்பி உடையில் போய்விட்டால், ஏழாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டனுப்புவது பல பள்ளிகளில் எழுதாத விதி. அந்தப் பெண் வருடம் முழுக்க எத்தனை பாடவேளையை இழக்கிறாள் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. கழிவறை உதவி பள்ளியின் பொறுப்பு. யார் செய்வது, மாற்று உடை எங்கே இருக்கும் என்பதைத் திட்டத் தாளிலேயே எழுதுங்கள்.

ஃபிட்ஸ் வரும் குழந்தை இருந்தால் அந்தத் தாளின் பின்பக்கத்தில் மருந்தின் பெயர், கொடுக்கும் நேரம், வழக்கமாக எத்தனை நிமிடம் நீடிக்கும் என்பதை எழுதிவையுங்கள். வரும்போது ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், சுற்றியிருக்கும் பெஞ்சை நகர்த்த வேண்டும், நேரம் பார்க்க வேண்டும். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் வாயில் எதையாவது வைப்பதும் கூடாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108.

வீட்டு வழிக் கல்வி என்ற கதவு

2012-ல் கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, கடுமையான, பல்வகைக் குறைபாடு உள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கற்கும் வழியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சேர்க்கப்பட்டது. தேர்ந்தெடுப்பது குடும்பத்தின் உரிமை. பள்ளி அதைப் பரிந்துரைக்கும் தொனியில் 'வீட்டுலயே வெச்சுப் பாத்துக்கோங்களேன், டீச்சர் வந்து சொல்லித் தருவாங்க' என்றால், அது இனிமையாகச் சொல்லப்பட்ட வெளியேற்றம். அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்தளத்தில் இருக்கிற, சக்கர நாற்காலியில் வரும் குழந்தை லிஃப்ட் நின்ற வாரம் வராமல் போவது உண்மைதான். அதற்கு லிஃப்ட் பற்றி வாழ்விட வாரியத்துக்கு எழுத வேண்டும். கூடவே அழைத்துவரும் படியைக் கேட்டு வாங்கித்தர வேண்டும். குழந்தையை நிரந்தரமாக வீட்டுக் கணக்கில் எழுதுவது தீர்வாகாது. வீட்டு வழியில் இருக்கிற குழந்தைகளும் உங்கள் பள்ளி மாணவர்களே. ஆண்டுவிழாவுக்கு அவர்களுக்கும் அழைப்பு போக வேண்டும், வகுப்புப் பிள்ளைகள் சிலர் மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து வரவேண்டும்.

குடியிருப்பு இடிக்கப்பட்டுப் பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று அனுப்பப்படும் குடும்பங்களில் இப்படிப்பட்ட குழந்தைகள்தான் முதலில் பள்ளியை விட்டு விழுகிறார்கள். மாற்றுச் சான்றிதழோடு திட்டத் தாளையும், வீடு சொன்ன அந்த ஒரு பக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். புதிய பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒரு போன் செய்யுங்கள். அந்த அம்மா எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.

மேலாண்மைக் குழுவின் நாற்காலி

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டம். தமிழ்நாட்டில் 2022-ல் குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டபோது துணைத் தலைவர் இடத்துக்குச் சிறப்புத் தேவையுள்ள குழந்தையின் பெற்றோருக்கு முன்னுரிமை தரப்பட்டது. நல்ல ஏற்பாடு. நடைமுறையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் வாய் திறக்கிறாரா என்று பாருங்கள்.

அவர் பேச வேண்டும் என்றால் கூட்டத்துக்கு முந்தைய நாள் பொருள் என்னவென்று அவரிடம் சொல்ல வேண்டும். ஒரு பொருளை அவரையே முன்வைக்கச் சொல்லலாம்: சாய்வுதளம், கழிவறைக் கதவின் அகலம், சிறப்புப் பயிற்றுநர் வராத நாட்கள். தீர்மானப் புத்தகத்தில் அவர் சொன்னது அவர் பெயரோடு பதிவாக வேண்டும். தீர்மானமாக ஏறிய கோரிக்கையை மேலதிகாரிகள் தள்ளிவிடுவது, வாய்மொழிக் கோரிக்கையைத் தள்ளிவிடுவதைவிடக் கடினம்.

மற்ற பெற்றோரின் முணுமுணுப்பும் இந்தக் குழுவுக்கு வரும். 'அந்தப் பையன் கடிக்கிறான், எங்க புள்ளைய வேற வகுப்புல போடுங்க.' கடிபட்ட குழந்தையின் அம்மா கோபப்படுவது நியாயம். கடித்ததற்கு முன் என்ன நடந்தது, இனி நடக்காமல் இருக்கப் பள்ளி என்ன செய்யப்போகிறது என்று அவருக்கு நேராகச் சொல்லுங்கள். ஆனால் கடித்த குழந்தையின் மருத்துவ விவரத்தை அவரிடம் விரிக்காதீர்கள். இரண்டு அம்மாக்களையும் எதிரெதிரே நிறுத்திப் பஞ்சாயத்து வைப்பதும் வேண்டாம். ஒரே தண்ணீர் லாரி வரிசையில் நாளை காலை நிற்கப்போகிறவர்கள் அவர்கள்.

சண்டை வந்தால்

வரும். பெற்றோர் குரல் உயர்த்திப் பேசுவார்கள், சிலர் எழுதிக் கொடுப்பார்கள். எழுதிக் கொடுப்பவரை எதிரியாகப் பார்க்கும் பழக்கம் நம் பள்ளிகளில் ஊறியிருக்கிறது. நான் அவரை நல்ல கூட்டாளி என்றே எண்ணுகிறேன், ஏனென்றால் இந்தப் பள்ளி மாறும் என்று இன்னும் நம்புகிறவர்தான் மனு எழுதுவார். நம்பிக்கை போனவர் சத்தமில்லாமல் பிள்ளையை நிறுத்திவிடுவார். மனுவைப் பெற்றுக்கொண்டு தேதி போட்டு நகல் கொடுங்கள். ஒரு வாரத்துக்குள் எழுத்திலேயே பதில் சொல்லுங்கள்.

பள்ளியில் தீராததற்கு மேலே வழிகள் இருக்கின்றன என்பதைப் பெற்றோருக்கு நாமே சொல்ல வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தை அடிக்கப்பட்டாலோ துன்புறுத்தப்பட்டாலோ 1098. சட்டப்படியான உரிமை மறுக்கப்பட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். 18 வயது நெருங்கும் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் சட்டப்பூர்வப் பாதுகாவலர் நியமனம் பற்றியும் பேசுங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு அதைச் செய்கிறது. பள்ளியை விட்டுப் போன பிறகு இதைச் சொல்ல அந்த வீட்டுக்கு அநேகமாக வேறு யாரும் கிடைக்கமாட்டார்கள்.

இந்த அத்தியாயத்தில் சொன்னவை எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். உங்கள் வகுப்பில் சிறப்புத் தேவையுள்ள குழந்தை ஒன்று இருந்தால், இந்த வாரம் அந்த வீட்டுக்கு ஒரு போன் செய்து, எந்த நேரத்தில் பேசினால் அவர்களுக்கு வசதி என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.